காந்தத்தில் ஒட்டாத காசு

நாற்பத்தோராயிரத்து அறுநூற்று ஐம்பது. காந்தம் தன் மனைவியின் அண்ணனுக்குக் கொடுக்க வேண்டிய கடன் அது. அதில் நாற்பதாயிரம் ஒரு மூன்று சக்கர வண்டி வாங்கியதற்கு. மிச்சம் ஆயிரத்து அறுநூற்று ஐம்பது, அந்த வண்டியில் மாட்டுவதற்காக 'பழைய இரும்பு நல்ல விலைக்கு எடுக்கப்படும்' என்று பெயின்டர் எழுதிக் கொடுத்த தகரப் பலகைக்கு. சொந்தமாகத் தொழில் செய்து பெரிய ஆளாகப் போகிறேன் என்று கிளம்பிய மூன்றாம் மாதமே வண்டி களவு போனது. கழுவுவதற்காகக் கழற்றி வீட்டில் வைத்திருந்த பலகை மட்டும் தப்பித்தது. இப்போது அது தண்ணீர் டிரம்முக்கு மூடி. தண்ணீர் மொள்ளக் குனியும்போதெல்லாம் 'நல்ல விலைக்கு' என்ற எழுத்து அவன் முகத்தில் அறையும்.

வண்டி போனபின் அவன் பழையபடி இரும்புக் கிடங்குக்கே வேலைக்குப் போய்விட்டான். சரக்குப் பிரிப்பதுதான் வேலை. உடைந்த ஸ்பீக்கரிலிருந்து பிடுங்கிய காந்தம் ஒன்றைக் கம்பியில் கட்டிக் கையில் வைத்திருப்பான். குவியலுக்கு முன் குந்தி உட்கார்ந்தால் ஒட்டுவது இந்தப் பக்கம், ஒட்டாதது அந்தப் பக்கம். பத்தொன்பது வருடமாக இதே வேலை. பெயர் போய்க் காந்தம் என்பதே பெயராகிவிட்டது. கோபம் வந்தால் அவன் மனைவிகூட அப்படித்தான் கூப்பிடுவாள்.

அவளுக்குக் கோபம் வராத நாள் இப்போது இல்லை. அவள் அண்ணனின் உருக்குக் கொட்டகை கடைத்தெருவுக்குப் போகும் நேர்வழியில் இருந்தது. பதினாலு மாதமாக அவள் அந்த வழியில் போவதில்லை. மூட்டை முடிச்சோடு கால் மணி நேரம் சுற்றிக்கொண்டு, சாக்கடைப் பாலத்தைத் தாண்டி வருவாள். வந்ததும் பையைத் தரையில் வைக்கிற சத்தத்திலேயே அவனுக்குத் தெரிந்துவிடும்.

"அண்ணன் ஆள் அனுப்பிச்சிருந்தாரு" என்றாள் போன ஞாயிற்றுக்கிழமை. "உலைக்குக் காத்து ஊதுற மோட்டார் எரிஞ்சு போச்சாம். வாடகை மோட்டார்ல ஓட்டுறாரு. சனிக்கிழமைக்குள்ள பணம் வந்தாகணுமாம்."

"பாக்கலாம்."

"பதினாலு மாசமா பாத்துக்கிட்டுத்தான இருக்கீங்க. கண்ணு வலிக்கலையா?" அவள் காதைத் தொட்டுக் காட்டினாள். "சனிக்கிழமை காலைல இதைக் கழட்டிடுவேன். அது எங்க அம்மா போட்டது. கழட்டுனா அப்புறம் போட மாட்டேன், சொல்லிட்டேன்."

அதிலிருந்து அவனுக்கு உட்கார்ந்தால் உட்கார முடியவில்லை, நின்றால் நிற்க முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை ஒரு பழைய வீட்டை இடித்த சரக்கு கிடங்குக்கு வந்தது. கதவுக் கீல், ஜன்னல் கம்பி, துருப்பிடித்த தையல் மிஷின் கால். அதற்கு நடுவே ஒரு பவுடர் டப்பா. குலுக்கினால் சத்தம். மூடியை உளியால் நெம்பித் திறந்தான். உள்ளே சாம்பல் நிறத்தில் காசுகள். எண்ணினான், இருபத்தேழு. எல்லாவற்றிலும் ஒரே படம், ஒரே வருடம். எழுத்துக் கூட்டிப் படிக்க அவனுக்கு நேரமாகும். எண் என்றால் உடனே வந்துவிடும். யுத்தம் நடந்த காலத்து வருடம் அது.

டப்பாவுக்குள் காந்தத்தை விட்டுத் தூக்கினான். தேனீ மாதிரிக் கொத்தாக ஒட்டிக்கொண்டு வந்தன. ஒன்று மட்டும் அடியிலேயே கிடந்தது. மறுபடி விட்டான், வரவில்லை. எச்சில் தொட்டுத் தேய்த்தால் அழுக்குக்கு அடியில் சிவப்பு.

கிடங்கு முதலாளிக்கு ஒரு சட்டம் உண்டு. வாசலில் சங்கிலி போட்டு ஒரு பெரிய காந்தம் தொங்கும். வேலை முடிந்து போகிறவன் பையில் இருப்பதை எல்லாம் அங்கே தட்டில் கொட்ட வேண்டும். 'ஒட்டுறது உனக்கு, ஒட்டாதது எனக்கு' என்பார் முதலாளி. ஆணி, கீல், போல்ட் என்று ஒரு கைப்பிடி இரும்பு எடுத்துப் போனால் அவர் கண்டுகொள்ள மாட்டார். செம்பு, பித்தளை ஒரு குண்டுமணி போனாலும் அன்றோடு வேலை போய்விடும். பத்தொன்பது வருடத்தில் காந்தம் ஒரு தடவைகூடத் தட்டுக்கு முன் தலைகுனிந்து நின்றதில்லை. அந்தக் கை அன்றும் யோசிக்கவில்லை. ஒட்டாத அந்த ஒன்றைச் செம்பு டிரம்முக்குள் வீசியது. டிங் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

மிச்சம் இருபத்தாறையும் சாயங்காலம் வாசல் தட்டில் கொட்டினான். மொத்தமும் காந்தத்தில் போய் ஒட்டியது. வாட்ச்மேன் சிரித்தார். "என்னய்யா, செல்லாக் காசெல்லாம் உன்கிட்டயே வருது?"

"வீட்டுல ஏற்கெனவே ஒண்ணு இருக்கு, நான்தான். துணைக்கு இருக்கட்டும்" என்றான் காந்தம்.

ஆனால் அவன் மனம் வேறு கணக்குப் போட்டது. பழைய காசு லட்சக்கணக்கில் விலை போகிறது என்று கிடங்கில் யாரோ போனில் காட்டிய வீடியோ ஞாபகம் வந்தது. இருபத்தாறு லட்சம் வேண்டாம், ஒன்றே முக்கால் ஆயிரம் வீதம் போனால்கூடக் கடன் தீர்ந்து கைக்கும் கொஞ்சம் மிஞ்சும். அன்று இரவு சோறு இறங்கவில்லை. புதன்கிழமை கிடங்கில் லீவு கிடைக்கவில்லை. வியாழக்கிழமை அரை நாள் எழுதிக் கொடுத்துவிட்டு, கடைத்தெரு மாடிப்படிக்கு அடியில் இருந்த பழங்காசுக் கடைக்குப் போனான்.

கடை என்றால் ஒரு மேஜை, ஒரு விளக்கு, சின்னத் தராசு, சுவர் முழுக்க அட்டைப் பெட்டிகள். ஐம்பது வயது தாண்டிய ஒரு அம்மாள் கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எல்லோருக்கும் காசுக்காரம்மா. அவன் டப்பாவைக் கவிழ்க்கப் போனதும் கையை நீட்டித் தடுத்தாள்.

"கொட்டாதீங்க, கொட்டாதீங்க! அரிசியா அது? ஒண்ணொண்ணா துணி மேல வைங்க."

வைத்தான். அவள் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். பதினொன்றை ஒரு விரலால் ஒதுக்கினாள்.

"இது துரு தின்னது. வேணாம். மிச்சம் பதினஞ்சு. ஒண்ணுக்கு முப்பது தரேன்."

"முப்பதாயிரமா?"

காசுக்காரம்மா லென்ஸைக் கழற்றினாள். "நீங்களும் போன்ல பாத்துட்டு வந்த ஆளா? அந்த போன்ல காட்டுறவனை ஒரு நாள் என் கையில குடுத்தா நல்லா இருக்கும். அய்யா, இது யுத்தக் காசு. செம்பெல்லாம் குண்டு செய்யப் போயிருச்சு. காசு அடிக்கச் செம்பு இல்ல. அதனால இரும்புல அடிச்சு மேல துத்தநாகம் பூசிவிட்டாங்க. கோடி கோடியா அடிச்சாங்க. அவ்வளவு பேர் வீட்டுலயும் டப்பா இருக்கு."

"அப்ப நானூத்தி அம்பதுதானா?"

"அதுவே நீங்க உப்புத்தாள் போட்டுத் தேய்க்காம கொண்டாந்ததால. தேய்ச்சிருந்தா பத்து."

அவன் பணத்தை எண்ணிக்கொண்டிருந்தான். அவளுக்குப் பேச்சுத் துணை இல்லாத நாள் போலிருக்கிறது. காசை உறையில் போட்டுக்கொண்டே சொன்னாள்: "இதே வருஷம், இதே படம், ஆனா செம்புல ஒண்ணு இருந்தாத்தான் சேதி. இரும்புக்கு மாறுன அன்னைக்கு, மிஷினுக்கு அச்சு விழாத வெறுந்தட்டு போடுற தொட்டி மூலைல பழைய செம்புத் தட்டு நாலஞ்சு மாட்டிக்கிட்டு இருந்திருக்கு. யாரும் பாக்கல. அதுவும் அச்சுல விழுந்து வெளிய வந்துருச்சு. அப்படி ஒண்ணு வந்தா நாலு லட்சம் வரைக்கும் கண்ண மூடிக்கிட்டு குடுப்பேன்."

"அது செம்புன்னு எப்படித் தெரியும்?"

"ரொம்பச் சுலபம். காந்தத்துல ஒட்டாது." அவள் நிமிர்ந்தாள். "என்னாச்சு? மூஞ்சி ஏன் இப்படிப் போகுது? தண்ணி வேணுமா?"

அவன் படியில் தலையை இடித்துக்கொண்டு வெளியே ஓடினான்.

கிடங்கு வரை ஓட்டமும் நடையுமாகப் போனான். காதுக்குள் டிங் என்று அந்தச் சத்தம். செம்பு டிரம் இருந்த இடத்தில் வட்டமாக ஈரத் தடம் மட்டும் இருந்தது. எடை போடுகிற கணக்குப்பிள்ளை பல்லைக் குத்திக்கொண்டிருந்தார்.

"செம்பா? நேத்து சாயங்காலமே போயிருச்சே. எண்பத்தாறு கிலோ. வேற யாரு, உன் மச்சான்தான் எடுத்தாரு. இன்னைக்கு உருக்கணும்னாரு."

உலகத்தில் எத்தனையோ உருக்குக் கொட்டகைகள் இருக்கின்றன. எதற்கு முன்னால் பதினாலு மாதமாக அவன் நிழல்கூடப் படவில்லையோ, அங்கேதான் போயிருக்கிறது அந்தக் காசு.

போகும் வழியெல்லாம் மனதுக்குள் பேசிப் பார்த்தான். சொன்னால் அது மச்சானுடையது. எடைக்குப் பணம் கொடுத்து வாங்கிய சரக்கு. சொல்லாவிட்டால் தேட விடமாட்டார். சொல்லாமல் தேடி, கிடைத்தால் மடியில் போட்டுக்கொண்டு, நாளைக்கே கடனைக் கட்டிவிட்டால்? மச்சான் காசை எடுத்து மச்சானுக்கே கட்டுவதா? அதை யோசிக்கவே நேரம் இல்லை. உலை எரிந்துகொண்டிருக்கும். கால்தான் முன்னால் போனது, அவன் பின்னால் போனான்.

தகரக் கொட்டகையின் கதவு திறந்திருந்தது. கதவின் உள்பக்கத்தில்தான் மச்சான் கணக்கு எழுதுவார், சாக்பீஸால். யார் யார் கணக்கோ எழுதி அழித்த தடத்துக்கு நடுவே அழியாமல் ஒரு வரி: மாப்ள 41,650. புகை படிந்து எழுத்து பழுப்பாகிவிட்டிருந்தது.

"வாங்க மாப்ள, வாங்க" என்றார் மச்சான். தோல் கையுறை, நெற்றியில் துணிக்கட்டு. பின்னால் உலை உறுமியது. குழிக்குள் மூசை, அதாவது உலோகம் உருக்கும் மண் குடுவை, ஆரஞ்சு நிறத்தில் கனன்றது. "பதினாலு மாசம் கழிச்சு வழி தெரிஞ்சுதா? நாற்காலி இல்ல, மன்னிக்கணும். பெரிய மனுஷங்க வருவாங்கன்னு தெரியாது."

"சும்மா... அப்படியே பாத்துட்டுப் போலாம்னு."

"சும்மாவா? கொண்டாந்து குடுக்கன்னு நெனச்சேன்."

காந்தத்தின் கண் முழுக்கத் தார்ப்பாயில் கொட்டிக் கிடந்த செம்பின் மேல் இருந்தது. கம்பி, குழாய், மோட்டார் சுருள், நசுங்கிய பாத்திரம். முக்கால்வாசி இருந்தது. கால்வாசி?

"எத்தனை மூசை இறக்கினீங்க மச்சான்?"

"ஒண்ணு ஊத்தியாச்சு. ரெண்டாவது வெந்துக்கிட்டு இருக்கு. ஏன், வேலைக்குச் சேரப் போறீங்களா?"

"எங்க கிடங்குச் சரக்குல இரும்பு ஸ்குரூ கலந்திருக்கும். பொறுக்கித் தரேன். கூலி வேணாம்."

மச்சான் அவனை மேலும் கீழும் பார்த்தார். "வட்டிக்குப் பதிலா? சரி. உக்காருங்க."

குந்தி உட்கார்ந்தான். ஒரு பக்கமிருந்து அவன் துழாவ, மறுபக்கமிருந்து மச்சான் மண்வெட்டியால் அள்ளி மூசையில் போட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு அள்ளையும் அவன் கண் மூசை வரை பின்தொடர்ந்தது. பழுப்புக் குவியலில் பழுப்புக் காசு. கம்பியில் கட்டிய காந்தம் இங்கே எதற்கும் உதவாது. பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாகக் கையில் கண் இல்லாதவன் மாதிரி இருந்தது. கம்பி நுனி விரலைக் கிழித்தது. எதிரே மண்வெட்டி இறங்கி ஏறியது. இறங்கி ஏறியது.

"ரொம்ப மும்முரமா இருக்கீங்களே" என்றார் மச்சான். "எதாவது புதைச்சு வெச்சீங்களா?"

"இல்ல மச்சான்."

"வேர்க்குது பாருங்க. உலை கிட்ட நிக்கிற எனக்கே இவ்வளவு வேர்க்கல."

அவர் அடுத்த அள்ளு எடுத்துத் திரும்பினார். மண்வெட்டி சாய்ந்தது. அதன் தகட்டில் ஏதோ ஒன்று உருண்டது. கம்பி உருளாது. குழாய்த் துண்டு உருண்டாலும் கோணலாகத்தான் உருளும். இது நேராக, விளிம்பில் நின்றபடி, மூசையை நோக்கி உருண்டது.

காந்தம் பாய்ந்து மண்வெட்டிக் காம்பைப் பிடித்து இழுத்தான். சரக்கு கொட்டகை முழுக்கச் சிதறியது. நாலு துண்டு செம்பு உலைக் குழியில் விழுந்து பொறி பறந்தது.

"பைத்தியமா உனக்கு?" மச்சான் மரியாதையை விட்டுவிட்டார். "கை வெந்திருக்கும்டா! என் கை, உன் கை, ரெண்டும்!"

காந்தம் தரையில் மண்டியிட்டுத் தேடினான். வாளிக்குப் பின்னால் கிடந்தது. எடுத்து மூடிக்கொண்டான்.

"என்ன அது?"

வாஷர் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. வீட்டில் அவள் காதைத் தொட்டுக் காட்டியது நினைவுக்கு வந்தது. பணம் எங்கிருந்து வந்தது என்று அவள் கேட்பாள், நிச்சயம் கேட்பாள். ஒட்டாததை எடுத்தேன் என்று எந்த வாயால் சொல்வது? மூடிய கை தானாகத் திறந்தது.

"காசு மச்சான். பழைய யுத்தக் காசு. இரும்புல அடிக்க வேண்டியது, தவறிப்போய்ச் செம்புல..."

"செம்பா?" மச்சான் காசை விரல் நுனியில் பிடுங்கினார். "பாத்தா பித்தளை மாதிரி இருக்கு."

அந்தக் கொட்டகையில் எந்த உலோகத்தையும் யாரும் வாய்ச்சொல்லுக்கு நம்புவதில்லை. ஒருவன் தங்கம் என்று சொன்னாலும் முதலில் அரம். மேஜை விளிம்பில் பெரிய அரம் எப்போதும் திருகி மாட்டப்பட்டிருக்கும். முப்பது வருடப் பழக்கம். மச்சான் திரும்பினார், காசின் விளிம்பை அரத்தில் வைத்தார், சரக் சரக் என்று இரண்டு இழுப்பு.

"ஆமா, சுத்தச் செம்புதான்" என்றார். "அதுக்கென்ன?"

தரையில் உதிர்ந்த சிவப்புத் தூளைக் காந்தம் பார்த்தான்.

"மச்சான். அது நாலு லட்சம்."

மச்சான் காசைச் சட்டென்று அரத்திலிருந்து விலக்கினார்.

மச்சானின் ஸ்கூட்டரில் போனார்கள். பின்னால் காந்தம் காசைக் கைக்குட்டையில் சுற்றிப் பிடித்திருந்தான்.  மேடு பள்ளத்தில் வண்டி குதிக்கும்போதெல்லாம், "பத்திரமா இருக்கா?" என்று மச்சான் கேட்டார். "இருக்கு" என்றான் அவன்.

காசுக்காரம்மா நேரம் எடுத்துக்கொண்டாள். காந்தம் வைத்துப் பார்த்தாள். தராசில் நிறுத்தாள். லென்ஸை இடுக்கிக்கொண்டு நெடுநேரம் குனிந்தே இருந்தாள். மச்சான் நாற்காலியில் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நகர்ந்துகொண்டே இருந்தார்.

"அசல்" என்றாள் கடைசியில்.  "இருபத்தெட்டு வருஷமா கடை வெச்சிருக்கேன். கையில தொடுறது இது ரெண்டாவது தடவை." காசை விளிம்பில் நிறுத்திக் காட்டினாள். புதுச் சிவப்பில் இரண்டு பளிச்சென்ற கோடு. "இந்த அரம் போட்ட புண்ணியவான் யாரு?"

பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி மச்சான் மெல்லக் கையைத் தூக்கினார்.

"உங்களுக்கு என்ன தொழில்?"

"உருக்குறதும்மா."

"அப்ப இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா மிச்சமும் போயிருக்கும். சந்தோஷப்படுங்க." பெருமூச்சு விட்டாள். "அரம் பட்டதைப் பெரிய இடத்துல வாங்க மாட்டாங்க. ஏலத்துக்குப் போகாது. எங்கிட்டயே இருக்கட்டும்னு ஆசைக்கு எடுத்துக்கறேன். முப்பத்திரண்டாயிரம். வேற கடைல அதிகம் குடுத்தா தாராளமா குடுங்க."

குடுத்தார்கள். அவளிடமே குடுத்தார்கள். வேறு கடைக்குப் போக இருவருக்கும் தெம்பு இல்லை.

தெருவுக்கு வந்ததும் மச்சான் வெடித்தார்.

"வந்தவுடனே வாயைத் திறந்து சொல்லியிருந்தா என்ன? பொறுக்கித் தரேன், கூலி வேணாம்! திருட்டு முழி முழிச்சுக்கிட்டு!"

"நான் சொல்றதுக்குள்ள அரத்துல வெச்சீங்களே!"

"செம்புன்னு சொன்னீங்க. லட்சம்னு மொதல்ல சொல்லணுமா இல்லையா? எதை மொதல்ல சொல்லணும்னு தெரியாதா?"

"ஒரு மூச்சு பொறுத்திருந்தா அதையும் சொல்லியிருப்பேன்."

"பதினாலு மாசம் பொறுத்தேன்! அது போதாதா?"

நடந்து போகிறவர்கள் ஒதுங்கிப் போனார்கள். மச்சான் ஸ்கூட்டரை உதைத்தார், அது கிளம்பவில்லை. மறுபடி உதைத்தார். பிறகு அதன் மேலேயே சாய்ந்துகொண்டார். பையிலிருந்த பணத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"மறைச்சிருக்கலாமே" என்றார், அவனைப் பார்க்காமல். "கை மூடித்தான இருந்துது. வாஷர்னு சொல்லியிருந்தா எனக்கு என்ன தெரியும்? மூணு லட்சத்து அறுபத்தெட்டாயிரம் என் அரத்துல போச்சு. உங்க கையில இருந்திருந்தா போயிருக்காது."

"சரக்கு உங்களோடது மச்சான். எடைக்கு வாங்குனது."

"ஆமா, எண்பத்தாறு கிலோவுல அதுவும் ஒண்ணு. அஞ்சு கிராம்." மச்சானுக்குச் சிரிப்பு வந்தது. அழுகை மாதிரி ஒரு சிரிப்பு. "இதுல மோட்டார் வந்துரும். ஏறுங்க."

கொட்டகைக்குத் திரும்பியபோது உலை அணைந்திருந்தது. இரண்டாவது மூசையில் செம்பு பாதி வெந்தபடியே உறைந்து, பூத்துப்போய்க் கிடந்தது. இன்னொரு முறை முதலிலிருந்து எரிக்க வேண்டும். மச்சான் அதைப் பார்த்தார். தொட்டியில் ஒரு சாக்குத் துணியை நனைத்துப் பிழிந்து அவனிடம் நீட்டினார்.

"எதுக்கு மச்சான்?"

தாடையால் கதவைக் காட்டினார்.

"அது... கடன் கடன்தானே. நான் குடுத்துடறேன், கொஞ்சம் கொஞ்சமா."

"நான் அரம் போட்டதுக்கு உங்களுக்கு எவ்வளவு குடுக்கணும்னு நான் கணக்குப் பாக்க ஆரம்பிச்சா ரெண்டு பேருக்கும் தூக்கம் போயிரும். அழிங்க. தங்கச்சிகிட்ட சொல்லுங்க, பாலத்தைச் சுத்தி நடக்க வேணாம்னு. மூட்டையோட அவ போறதை நான் பாக்கலன்னு நெனச்சுக்கிட்டு இருக்கா."

காந்தம் கதவுக்கு முன் நின்றான். ஒரே இழுப்பில் போய்விடும் என்று நினைத்தான். போகவில்லை. பதினாலு மாதப் புகை சாக்பீஸோடு கலந்து தகரத்தில் ஊறியிருந்தது. நாலு போனது. ஒன்று போனது. ஆறும் ஐந்தும் நிழல் மாதிரி நின்றன. துணியை மாற்றிப் பிடித்துத் தேய்த்தான். கிழிந்த விரலில் எரிந்தது. இனி ஒன்றுமில்லை என்று தலைக்குத் தெரிந்தது, கைக்குத் தெரியவில்லை. அது பாட்டுக்குத் தேய்த்துக்கொண்டே இருந்தது.

"போதும் மாப்ள" என்றார் மச்சான், பின்னாலிருந்து. "தகரம் தேஞ்சிரும்."